மணி அடித்தது, எழுந்தது யார்?

செட்டிநாட்டுப் பக்கம் போனவர்கள் அங்குள்ள பெரிய வீடுகளை எளிதில் மறக்கமாட்டார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், வலையபட்டி என்று ஊர்தோறும் அத்தகைய வீடுகள் உண்டு. தெருவாசலில் திண்ணை, அதைத் தாண்டினால் முகப்பு, அதற்கப்பால் வானம் தெரியும் முற்றத்தோடு வளவு, வளவைச் சுற்றிலும் அறைகள், பின்னர் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னே சமையற்கட்டு. ஒரு தெருவில் முன்வாசல் என்றால் அடுத்த தெருவில் பின்வாசல்!

அந்த வீட்டில் யார் எதுவரை வரலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வழிப்போக்கர் திண்ணையில் இளைப்பாறலாம். வரவு செலவு பேச வந்தவர் முகப்பில் அமரலாம். உற்றார் உறவினர் வளவுக்குள் வரலாம். நகையும் பத்திரமும் இருக்கும் அறையின் சாவியோ வீட்டுக்காரரிடம் மட்டுமே இருக்கும்.

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் இணையத்தளமும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு வீடுதான். அதன் முதற்பக்கத்தை நாம் ‘முகப்பு’ என்றே அழைக்கிறோம்! முகப்புக்குப் பின்னால், நீங்கள் கேட்பதை வாங்கிக்கொண்டு விடை தேடித் தரும் நிரல் ஒன்று வேலை செய்கிறது. இதுவே இணையச் செயலி. அதற்கும் பின்னால் பெயர், முகவரி, மதிப்பெண், வங்கிக் கணக்கு எண் முதலியவை அடுக்கி வைக்கப்பட்ட தரவுத்தளம் இருக்கிறது. நகை அறை என்று அதைச் சொல்லலாம்.

பெயரிலேயே வலையை வைத்திருக்கும் வலையபட்டிக்கும் இன்று உலக வலை வந்து சேர்ந்துவிட்டது. மின்கட்டணம் கட்டுவதும், பட்டா பார்ப்பதும், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவை அறிவதும் இணையத்தின் வழியேதான். ஆகவே நம் ஒவ்வொருவருடைய ‘நகையும்’ யாரோ ஒருவர் காவல் காக்கும் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் திருடன் நுழையப் பார்த்தால் எச்சரிக்கை மணி அடிக்குமா? அடித்தால் யாராவது எழுந்து வருவார்களா? முதற் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை வெகு சிலரே கேட்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேள்விக்குள் ஒளிந்த கட்டளை

முதலில் திருடன் எப்படி வருகிறான் என்று பார்ப்போம். அவன் பூட்டை உடைத்துத்தான் வரவேண்டும் என்பதில்லை.

ஒரு பள்ளியின் இணையத்தளத்தில் மதிப்பெண் பார்க்கும் பக்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பதிவு எண்ணை எழுதவேண்டும். நீங்கள் 25 என்று எழுதுகிறீர்கள். உள்ளே இருக்கும் நிரல் அந்த 25ஐ எடுத்து, தான் வைத்திருக்கும் வாக்கியத்தோடு ஒட்டித் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது: ‘பதிவு எண் 25 ஆக இருப்பவரின் மதிப்பெண்ணைக் காட்டு.’ தரவுத்தளமும் காட்டுகிறது.

இப்போது ஒருவன் அதே கட்டத்தில் ‘25 அல்லது 1=1’ என்று எழுதுகிறான். நிரல் அதையும் அப்படியே ஒட்டி அனுப்புகிறது. ‘பதிவு எண் 25 ஆக இருப்பவர், அல்லது 1=1 என்பது உண்மையாக இருப்பவர், அனைவரின் மதிப்பெண்ணையும் காட்டு’ என்று கட்டளை மாறிவிடுகிறது. ஒன்று எப்போதுமே ஒன்றுக்குச் சமம் அல்லவா? ஆகவே பள்ளியில் உள்ள எல்லோருடைய விவரமும் திரையில் வந்து விழுகிறது!

கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கட்டளையை நுழைத்துவிடும் இந்த முறைக்கு ‘எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர். 1998ஆம் ஆண்டிலேயே இது பொதுவெளியில் விளக்கி எழுதப்பட்டுவிட்டது. இதற்கு மருந்தும் தெரியும். வெளியார் எழுதுவது எதுவாயினும் அதை வெறும் தகவலாகவே நடத்தவேண்டும். கட்டளையோடு கலக்கவிடக் கூடாது. நிரல் எழுதுவோர் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் இந்த வாசல் அடைபடும். முகப்பில் அமர வேண்டியவரை முகப்பிலேயே அமர்த்துவது போல!

இதுபோல் வேறு பல வழிகளும் உண்டு. கடவுச்சொல்லை ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. பழைய மென்பொருளில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. இவற்றைக் கவனிக்கக் காவல் மென்பொருள்கள் இருக்கின்றன. உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அவை பார்க்கின்றன. ஐயத்துக்குரியது ஏதேனும் தென்பட்டால் எச்சரிக்கை அனுப்புகின்றன. நல்லது. பிறகு?

எச்சரிக்கை வந்தும் நேர்ந்த இழப்பு

இங்கிலாந்தில் ‘டாக் டாக்’ என்று ஒரு தொலைபேசி நிறுவனம். 2015ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் இணையத்தளத்தை, நாம் மேலே கண்ட அதே முறையில் தாக்கினார்கள். 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவு போயின. அவற்றுள் 15,656 பேருடைய வங்கிக் கணக்கு எண்களும் அடக்கம். விசாரித்த அரசு அமைப்பு என்ன கண்டது தெரியுமா? அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் அதே முறையில் இரண்டு தாக்குதல்கள் நடந்திருந்தன. தளத்தைச் சரிவரக் கண்காணிக்காததால், நிறுவனம் விழித்துக்கொள்ளவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தமோ மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது! 2016இல் அந்த நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

இதைவிடப் பெரிய நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. ‘ஈக்விஃபேக்ஸ்’ என்பது மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனம். அதன் இணையத்தளம் ஒன்றில் ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்னும் மென்பொருள் பயன்பட்டு வந்தது. அந்த மென்பொருளில் ஓர் ஆபத்தான ஓட்டை இருப்பது 2017 மார்ச் 7ஆம் நாள் வெளியானது. அன்றே அதற்கான திருத்தமும் வெளியிடப்பட்டது. மறுநாள் அரசின் கணிப்பொறிப் பாதுகாப்புப் பிரிவு எச்சரிக்கை அனுப்பியது. மார்ச் 9ஆம் நாள் அந்த எச்சரிக்கை நிறுவனத்துக்குள் 400க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சலாகப் போயிற்று. 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் பொருத்திவிடுங்கள் என்பது ஆணை.

நானூறு பேருக்குப் போயிற்று! ஆனால் வாடிக்கையாளரின் முறையீடுகளைப் பெறும் ஒரு பழைய செயலி மட்டும் விடுபட்டுப் போயிற்று. மே 13ஆம் நாள் திருடர்கள் அதன் வழியே உள்ளே வந்தார்கள். 76 நாட்கள் உள்ளேயே உலவினார்கள். உள்ளே போய் வரும் தகவல்களைச் சோதிக்கும் கருவி ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது. அது இயங்கத் தேவையான மின்னணுச் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது, யாரும் புதுப்பிக்கவில்லை. ஜூலை 29 அன்று புதுப்பித்தார்கள். உடனே கருவி விழித்துக்கொண்டது, களவு தெரிந்தது. அதற்குள் ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போய்விட்டன. இது முழுக்க முழுக்கத் தவிர்த்திருக்கக் கூடிய நிகழ்ச்சி என்று 2018 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு தன் அறிக்கையில் முடிவு கூறியது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அறிவு குறைவா? இல்லை. எச்சரிக்கை தாமதமா? இல்லை. மருந்து இல்லையா? அதுவும் இருந்தது. பின் என்னதான் குறை? ‘நானூறு பேருக்கும் சொல்லியாயிற்று’ என்ற நிம்மதிதான் குறை! எல்லோருக்கும் சொன்ன வேலை எவருக்கும் சொல்லாத வேலை. ‘இந்தச் செயலிக்கு நீ பொறுப்பு, முடித்துவிட்டு எனக்குச் சொல்’ என்று ஒருவரைக் குறித்துச் சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பெங்களூரில் கேட்ட மணி

இன்னொரு நிகழ்ச்சியில் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. ‘டார்கெட்’ என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய கடைத்தொடர்களுள் ஒன்று. 2013 நவம்பர் இறுதியில் திருடர்கள் அதன் பணம் வாங்கும் இயந்திரங்களில் தீய நிரலைப் புகுத்தி, அட்டை எண்களை உறிஞ்ச முற்பட்டார்கள். இணையத்தளத்தைத் தாக்கிய நிகழ்ச்சி அன்று இது. ஆயினும் பாடம் ஒன்றேதான். நவம்பர் 30ஆம் நாள் காவல் மென்பொருள் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை வந்து சேர்ந்த இடம் எது? பெங்களூர்! அங்கே இரவும் பகலும் கண்காணிக்கும் குழு ஒன்று இருந்தது. அந்தக் குழு அதைக் கண்டு, அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் உள்ள தலைமையிடத்துக்குத் தெரிவித்தது. அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. இவ்வாறு பின்னர் செய்தி ஏடுகள் எழுதின. நான்கு கோடி அட்டை எண்கள் களவு போயின.

பெங்களூரில் விழித்திருந்தவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் கதவை மூடும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. அதிகாரம் இருந்தவர்களுக்கோ அவசரம் தெரியவில்லை. விழித்திருப்பவன் ஒருவன், சாவி வைத்திருப்பவன் மற்றொருவன் என்று ஆகிவிட்டால் மணி அடித்து என்ன பயன்?

‘புலி வருது’ கதையின் மறுபக்கம்

‘எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய்யானவை. ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடினால் வேறு வேலை பார்க்க முடியுமா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இணையத்தளத்துக்கு ஒரு நாளில் 10,000 கோரிக்கைகள் வருவதாகக் கொள்வோம். அவற்றில் 10 மட்டுமே திருடனுடையவை. காவல் மென்பொருள் மிகத் திறமையானது. நூறு திருடரில் 99 பேரைப் பிடித்துவிடும். ஆனால் நூறு நல்லவரில் ஒருவரைத் தவறுதலாகத் திருடன் என்று சொல்லிவிடும். இப்போது மணி எத்தனை முறை அடிக்கும்? திருடருக்காக ஏறக்குறைய 10 முறை. மீதி 9,990 நல்லவரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறக்குறைய 100 முறை. ஆக மொத்தம் 110 முறை. அதில் உண்மை பதினொன்றுக்கு ஒன்று! நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது திறமை உள்ள கருவியே இப்படி என்றால் வியப்பாக இல்லையா? நல்லவர் கூட்டம் மிகப் பெரிது என்பதே இதற்குக் காரணம்.

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. ஒன்று, பொய் எச்சரிக்கை வருவது கருவி கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. அது கணிதத்தின் இயல்பு. இரண்டு, கருவியைச் சீர்ப்படுத்தினால் பலன் பெரிது. நல்லவரைத் தவறாகப் பிடிக்கும் அளவை நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். பொய் மணி 100இலிருந்து 10 ஆகிவிடும். அப்போது இரண்டுக்கு ஒன்று உண்மை! ஆகவே மணி அதிகமாக அடித்தால் காதை மூடிக்கொள்ளக் கூடாது; மணியைத் திருத்தவேண்டும்.

‘புலி வருது, புலி வருது’ என்று கத்திய சிறுவனின் கதையை நீங்கள் சின்ன வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். பொய் சொல்லாதே என்பது அதன் நீதி என்பார்கள். அது சிறுவனுக்கான நீதி. ஊராருக்கும் ஒரு நீதி அதில் உண்டு என்பது என் கருத்து. கடைசி நாளில் புலி வந்தது உண்மைதானே? எட்டிப் பார்க்க ஒருவரையாவது ஊரார் அனுப்பியிருக்க வேண்டாமா?

‘எங்கள் ஊருக்கு யார் வரப்போகிறார்?’

அடுத்த மறுப்பு இது: ‘பெரிய நிறுவனங்களைத் தாக்குவார்கள். வலையபட்டி போன்ற ஊரில் உள்ள ஒரு பள்ளியின் தளத்தையோ, கூட்டுறவுச் சங்கத்தின் தளத்தையோ யார் தேடி வரப்போகிறார்கள்?’

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். திருடன் ஊரைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. அவன் எழுதிவைத்த நிரல் எல்லாக் கதவுகளையும் தட்டுகிறது. இணையத்தின் பழைய முகவரி முறையில் உள்ள மொத்த எண்கள் 2இன் 32ஆம் அடுக்கு. அதாவது ஏறக்குறைய 429 கோடி. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘இசட்மேப்’ என்னும் ஆய்வுக் கருவியை உருவாக்கினார்கள். ஒரே ஒரு கணிப்பொறியும் வேகமான இணைப்பும் கொண்டு, இந்த முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். உங்கள் பள்ளியில் ஒரு பாடவேளை முடிவதற்குள்! ஆராய்ச்சியாளரால் முடிவது திருடனாலும் முடியும். அவன் நிரலுக்குச் சென்னையும் ஒன்றுதான், வலையபட்டியும் ஒன்றுதான். பூட்டாத கதவுதான் அதற்குத் தேவை.

சிறிய இடத்தில் களவு போனால் இழப்பும் சிறியது என்று எண்ணாதீர்கள். சங்கத்தில் நகை அடகு வைத்த ஒரு குடும்பத்தின் பெயர், தொலைபேசி எண், கடன் தொகை மூன்றும் ஒரு மோசடிக்காரன் கையில் கிடைத்தால் போதும். ‘சங்கத்திலிருந்து பேசுகிறோம்’ என்று அவன் நம்பும்படிப் பேசுவான். அந்தக் குடும்பத்துக்கு அதுவே பெரிய இழப்பு.

கூடங்குளம் கற்பித்தது

தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். நம் நாட்டில் ‘செர்ட்-இன்’ என்ற அமைப்பு 2004 முதல் இயங்கி வருகிறது. கணிப்பொறி ஆபத்துகளைப் பற்றி எச்சரிப்பதும் உதவுவதும் அதன் பணி. 2019 செப்டம்பர் 4ஆம் நாள், கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சேர்ந்த ஒரு கணிப்பொறியில் தீய நிரல் இருப்பதாக அந்த அமைப்பு இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. உடனே அணுசக்தித் துறை வல்லுநர்கள் விசாரித்தார்கள். நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு கணிப்பொறி அது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகள் தனியே இருந்தன; அவை பாதிக்கப்படவில்லை. வளவுக்கும் நகை அறைக்கும் நடுவே சுவர் இருந்தது, சுவர் காத்தது. இது பாராட்டுக்குரியது.

ஆனால் அக்டோபர் இறுதியில் செய்தி வெளியே பரவியபோது, அக்டோபர் 29ஆம் நாள் நிலையம் அதை மறுத்து அறிக்கை விட்டது. மறுநாளே அணுமின் கழகம், தீய நிரல் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் இரண்டு பேச்சு! எந்த அறிக்கையை மக்கள் நம்புவார்கள்? எச்சரிக்கையை எதிர்கொள்வது கணிப்பொறி வேலை மட்டும் அன்று; உள்ளதை உள்ளபடி உரிய காலத்தில் சொல்வதும் அதில் ஒரு பகுதி என்பதை இது காட்டுகிறது.

மணி அடித்தவுடன் செய்யவேண்டியது

அப்படியானால் எச்சரிக்கை வந்தவுடன் என்ன செய்யவேண்டும்?

முதலில் கேட்கவேண்டியது: ‘திருடன் கதவைத் தட்டினானா, உள்ளே வந்துவிட்டானா?’ இதற்கு விடை தளத்தின் பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் எந்த முகவரியிலிருந்து, எந்த மணிக்கு வந்தது, தளம் என்ன விடை அளித்தது என்பதெல்லாம் அதில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். 403 என்ற எண் இருந்தால் ‘அனுமதி இல்லை’ என்று தளம் மறுத்துவிட்டது என்று பொருள். 200 என்று இருந்தால் ‘இதோ எடுத்துக்கொள்’ என்று ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டது என்று பொருள். என்ன கொடுத்தது என்று உடனே பார்க்கவேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நகரத்தார், அங்கிருந்து வரும் கணக்கை ஊரில் இருந்தபடியே ஒத்துப் பார்த்துக் கடையின் நிலையை அறிந்தார்கள் அல்லவா? அதே பழக்கம்தான் இங்கும் வேண்டும். படிக்காத பேரேடு வெறும் காகிதம்.

அடுத்தது தடுத்தல். தாக்கப்பட்ட பக்கத்தை மூடவேண்டும், கடவுச்சொற்களை மாற்றவேண்டும், அந்தக் கணிப்பொறியை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். ஆனால் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது. பதிவேட்டைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தவேண்டும். திருட்டு நடந்த வீட்டில் கைரேகையைத் துடைத்துவிடலாமா?

பிறகு சொல்லவேண்டியவரிடம் சொல்லவேண்டும். 2022 ஏப்ரலில் வெளியான ஆணைப்படி, இத்தகைய நிகழ்ச்சி தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்கு அறிவிக்கவேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். யாருடைய விவரம் போயிற்றோ அவர்களுக்கும் சொல்லவேண்டும். அவர்கள்தானே முதலில் எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர்கள்?

கடைசியில் ஓட்டையை அடைத்து, நல்ல பிரதியிலிருந்து தளத்தை மீட்கவேண்டும். பிரதி இல்லாவிட்டால்? 2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பு தாக்கப்பட்டபோது அதுதான் நடந்தது. பழைய பதிப்பு மென்பொருள். புதுப்பிக்கும் திட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குப் பிரதி இல்லை. ஏறக்குறைய 5,000 முகவரிகளின் கடிதங்கள் மீளாமல் போயின.

பார், தடு, சொல், மீட்டெடு. இந்த நான்கும் கடினமான அறிவியல் அன்று. ஆனால் நள்ளிரவில் மணி அடிக்கும்போது யோசித்துச் செய்யக்கூடியவையும் அல்ல. ஆகவேதான் என் கருத்தை இப்படிச் சொல்கிறேன்: இணையத்தளம் நடத்தும் ஒவ்வோர் அமைப்பும், அது பள்ளியாயினும் சங்கமாயினும் பெரிய நிறுவனமாயினும், ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிவைக்கவேண்டும். எச்சரிக்கை வந்தால் பார்க்கவேண்டியவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பது ஒன்று. யாரையும் கேட்காமல் எதை எதை மூட அவருக்கு அதிகாரம் உண்டு என்பது இரண்டு. எத்தனை மணிக்குள் யாருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது மூன்று. ஆண்டுக்கு இரு முறையாவது தீயணைப்பு ஒத்திகை போல் இதற்கும் ஒத்திகை நடத்தவேண்டும். இன்னொன்று: ஐயப்பட்டு மணி அடித்த ஊழியர் மீது, அது பொய்யாகப் போனாலும் கோபப்படக் கூடாது. ஒரு முறை திட்டு வாங்கியவர் மறுமுறை வாய் திறக்கமாட்டார். அந்த மறுமுறைதான் புலி வரும்!

இதற்குச் செலவு அதிகம் இல்லை. விலை உயர்ந்த கருவி வாங்குவதற்கு முன் இந்த ஒரு தாள் வேண்டும். தாள் இல்லாத இடத்தில் கருவி வெறும் ஓசை.

உங்கள் பங்கு

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை கணிப்பொறித் துறைக்குப் போவீர்கள். சிலர் இரவு முழுவதும் எச்சரிக்கைகளைப் பார்க்கும் பணியில் அமர்வீர்கள். அதற்கு இப்போதே பழகலாம். ஆனால் எச்சரிக்கையாகப் பழகுங்கள். ‘டாக் டாக்’ நிகழ்ச்சியில் நீதிமன்றத்தில் நின்றவர்களுள் ஒருவனுக்கு வயது 17. உங்கள் வயதுதான்! பிறருடைய தளத்தில் அனுமதியின்றிக் கைவைப்பது, விளையாட்டாகச் செய்தாலும் தவறே. நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால், நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பழகுவதற்கென்றே வேண்டுமென்று ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட தளங்கள் இருக்கின்றன. ‘ஓவாஸ்ப்’ என்னும் உலக அமைப்பின் ‘ஜூஸ் ஷாப்’ அவற்றுள் ஒன்று, இலவசமானது. ஆசிரியரின் துணையோடு அதை உங்கள் கணிப்பொறியிலேயே நிறுவி, ஓட்டைகளைக் கண்டுபிடியுங்கள், அடைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த மாதமே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. உங்கள் பள்ளிக்கு இணையத்தளம் இருந்தால், தலைமை ஆசிரியரிடம் பணிவோடு கேளுங்கள்: ‘ஐயா, நம் தளத்தைப் பற்றி எச்சரிக்கை வந்தால் அது யாருக்கு வரும்?’ அவர் சட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் மகிழ்ச்சி. ‘எல்லோரும் பார்ப்பார்கள்’ என்று விடை வந்தால், நானூறு பேருக்குப் போன அந்த மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, மூன்று செய்திகளையும் எழுத அவருக்கு உதவுங்கள்.